துடைக்காத ஆறு தகடுகள்

என் தங்கையிடம், அவள் வகுப்புப் பிள்ளைகள் எடுத்த அளவு தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நாற்பத்தொரு பிள்ளைகள் இருபத்தெட்டு நாள் எடுத்த அளவு அது. ஞாயிற்றுக்கிழமைகூட முறை வைத்து வந்து எடுத்தார்கள். அதில் தப்பு இருந்திருந்தால் முதலில் நானே சொல்லியிருப்பேன். எனக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்த்து எண்ணைப் படிக்கத் தெரியாது.

என் வேலை வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பது. இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன். நான் எழுதிய எண் தப்பு என்று இதுவரை மூன்று பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள். மூன்று முறையும் மேலிருந்து ஆள் வந்து மறுபடி அளந்து பார்த்து, நான் எழுதியதுதான் சரி என்று எழுதிவிட்டுப் போனார்கள். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. எனக்கும் சேர்த்துத் தங்கை படித்தாள். இயற்பியலில் முதுகலை. அவளுடைய பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியது என் வீட்டுச் சுவரில்தான், அவள் வீட்டில் இல்லை. அவள் கேட்டால் தரமாட்டேன்.

எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். எங்கள் அப்பா அங்கே சாம்பல் பிரிவில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தார். அந்த நிலக்கரி எரிந்துதான் எங்கள் அடுப்பும் எரிந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நிலக்கரியைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. திட்ட வேண்டியது வேறு ஆட்களை.

தங்கை எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தாள். ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘சாக்பீஸ் டீச்சர்’. தீர்ந்துபோகும் ஆற்றல், தீராத ஆற்றல் என்ற பாடம் வந்தால் அவள் புத்தகத்தைத் திறக்கமாட்டாள். வகுப்புக்கு ஒரே ஒரு சாக்பீஸ் பெட்டியைக் கொடுப்பாள். பாடம் முடியும்வரை அவ்வளவுதான், வேறு கிடையாது. கரும்பலகையில் பாதியைச் சாக்பீஸால் எழுத வேண்டும். மறுபாதியைத் தண்ணீரில் நனைத்த தூரிகையால் எழுத வேண்டும். தண்ணீர் எழுத்து இரண்டு நிமிஷத்தில் காய்ந்துபோகும், மறுபடி எழுதலாம். ஆனால் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில்தான் வாளி நிறையும். முதல் வாரம் எல்லாரும் சாக்பீஸுக்கு அடித்துக்கொள்வார்கள். மூன்றாம் வாரம் பெட்டி காலி. பக்கத்து வகுப்பில் போய்த் திருடிக்கொண்டு வருவார்கள்.

பக்கத்து வகுப்பு வாத்தியார் சண்டைக்கு வந்தார். "என்ன டீச்சர், உங்க பசங்க என் பெட்டியில கை வைக்கிறாங்க."

"அதுவும் பாடத்துல இருக்கு சார். தீர்ந்துபோனா பக்கத்து வீட்டுக்குள்ள புகுந்துடுவாங்க."

"அப்போ நான் என்ன பண்றது?"

"பூட்டி வைங்க. அதுவும் பாடத்துல இருக்கு."

இப்படித்தான் அவள் பாடம் நடத்துவாள். வேறு யாராவது இப்படி நடத்துகிறார்களா என்று எனக்குத் தெரியாது. என் பார்வையில் இல்லை.

போன வருஷம் அனல்மின் நிலையம் பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு சோலார் தகடுகளை அன்பளிப்பாகக் கொடுத்தது. மொட்டைமாடியில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு. ஒவ்வொரு வரிசைக்கும் மாடிப்படிக்குப் பக்கத்தில் தனி மீட்டர். திறப்பு விழாவில் நிலையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைகள் வெயிலில் நின்று கைதட்டினார்கள். பிறகு மொட்டைமாடிக் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

தங்கை அந்தக் கதவைத் திறக்க வைத்தாள். நான்கு மாதம் ஆயிற்று. தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘சுற்றறிக்கை’. தும்மினால்கூடச் சுற்றறிக்கை விடுவார் என்பது அவர்கள் கட்சி. அவரிடம் ஏழு விண்ணப்பம் கொடுத்து, எட்டாவதற்குத்தான் அனுமதி வாங்கினாள்.

மாடிக்கு ஏறின அன்றே ஒரு பெண் தகட்டின் மேல் விரலால் தன் பெயரை எழுதினாளாம். அவ்வளவு சாம்பல். துணியைக் காயப்போட்டால் கழுத்துப்பட்டையில் சாம்பல், ஜன்னல் விளிம்பில் சாம்பல் என்று இருக்கிற ஊரில் தகட்டை மட்டும் விட்டுவிடுமா. "டீச்சர், வெயில் உள்ள போகுமா?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் தங்கை நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு வரிசையை தினமும் துடைச்சு, இன்னொண்ணைத் துடைக்காம விட்டா வித்தியாசம் தெரியும் இல்ல?"

"தெரியாது."

"ஏன்?"

"ரெண்டு வரிசையும் முதல்ல ஒரே மாதிரி ஓடுதான்னு உனக்குத் தெரியுமா? ஒரு வாரம் ரெண்டையும் துடைச்சு ஓட்டிப் பாரு. தராசு சரியா இருக்கான்னு பாக்காம எடை போடுவியா?"

"எம்.எஸ்சி. படிச்சது நானா நீயா?"

"படிச்சது நீ. அளந்தது நான்."

சனிக்கிழமை நான் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு மீட்டர் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். எண்ணுக்கு நேராக முகத்தை வைத்துப் பார், சாய்ந்து பார்த்தால் அடுத்த எண் தெரியும். கடைசியில் இருக்கிற சிவப்பு எண்ணைச் சேர்க்காதே, அது பத்தில் ஒரு பங்கு. முதல் நாள் ஒருவன் சிவப்பையும் சேர்த்துப் படித்து, ஊருக்கே விளக்கு எரியும் அளவுக்கு மின்சாரம் எழுதிவிட்டான். வகுப்பே சிரித்தது. "மின் நிலையத்தையே இழுத்து மூடிடலாம்டா" என்றாள் ஒருத்தி. இரண்டாம் நாளிலிருந்து தப்பு இல்லை.

முதல் வாரம் இரண்டு வரிசையையும் துடைத்தார்கள். இடது வரிசை ஐம்பத்தாறு யூனிட், வலது ஐம்பத்தைந்து. தராசு சரி. அதற்குப் பிறகு வலது வரிசையை யாரும் தொடவில்லை. இரண்டாம் வாரம் இடது ஐம்பத்தைந்து, வலது நாற்பத்தொன்பது. மூன்றாம் வாரம் ஐம்பத்தாறு, நாற்பத்தொன்று. நான்காம் வாரம் ஐம்பத்துநான்கு, முப்பத்துமூன்று. இடையில் ஒரு சொட்டு மழை இல்லை.

இதில் நான் ஒரு தப்பு செய்தேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ப் பிள்ளைகள் எழுதியதைச் சரிபார்த்தேன். சரிபார்த்ததை எங்கள் அலுவலகக் கணக்கெடுப்புப் படிவத்தில் எழுதினேன். என் பையில் எப்போதும் நாலைந்து படிவம் கிடக்கும். கட்டம் போட்டது, கை பழகியது. கீழே ‘கணக்கெடுத்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்தும் பணியாளர் எண்ணும் போட்டேன். நான்கு தாள், நான்கு கையெழுத்து. எண்ணை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடாமல் வர என்னால் முடியாது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வேறு எவளாவது இருந்தால் பிள்ளைகளின் நோட்டிலேயே ஒரு டிக் அடித்துவிட்டுப் போயிருப்பாள்.

அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகள் பெரிய அட்டை செய்து வைத்தார்கள். நடுவில் நான்கு வாரக் கணக்கு, ஓரத்தில் என் நான்கு படிவங்கள் ஒட்டியிருந்தன. கீழே அவர்களே யோசித்து எழுதிய வாசகம்: ‘நிலக்கரி தீர்ந்துபோகும். சூரியன் தீராது. தீர்ந்துபோவதன் சாம்பல் தீராததை மறைக்கிறது.’ தங்கை அதில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. சிறப்பு விருந்தினராக அதே மக்கள் தொடர்பு அதிகாரி வந்தார். அட்டைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். "பிரமாதம்" என்றார். போனை எடுத்து மேலிருந்து கீழ்வரை படம் பிடித்தார். பிள்ளைகள் பாராட்டு என்று நினைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

திங்கட்கிழமை சுற்றறிக்கை என் தங்கையைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் தட்டச்சுச் செய்து தயாராக இருந்தது. ‘மாணவர்கள் அளவெடுத்ததில் பிழை நேர்ந்துள்ளது. என் மேற்பார்வைக் குறைவே காரணம்.’ கீழே அவள் பெயர்.

"கையெழுத்துப் போட்டுக் குடுங்க டீச்சர். நாளைக்குக் காலைக் கூட்டத்துல பசங்க முன்னால ஒரு தடவை வாசிச்சுடுங்க. வர்ற மாசம் உங்களை நிரந்தரம் பண்ற கோப்பு என் மேசைக்கு வருது."

"எந்த எண் சார் பிழை?"

"எல்லாம்தான்."

"எல்லாம் எப்படி சார் பிழையாகும்? நீங்க வேணா மேல வந்து படிச்சுப் பாருங்க."

"எனக்கு முட்டி வலி."

அவள் போடமாட்டேன் என்றாள். அப்போதுதான் அவர் போனைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். அதிகாரி பிடித்த படம். என் கையெழுத்து, என் எண். "உங்க அக்காதானே? ஆபீஸ் படிவத்தை வெளி வேலைக்கு எடுத்திருக்காங்க. அனுமதி இல்லாத இடத்துல மீட்டர் படிச்சிருக்காங்க. நிலையத்துலேர்ந்து ஒரு வரி எழுதினா போதும். பாவம், இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கோ." புதன்கிழமை காலை பத்து மணிக்குள் யோசித்துச் சொல்லச் சொன்னார்.

இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து, டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். "ஆபீஸ் படிவத்தை வெளியில உபயோகிச்சா என்ன பண்ணுவாங்க அக்கா?" என்றாள், ஏதோ பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்பதுபோல.

"யார் உபயோகிச்சா?"

"சும்மா கேட்டேன்."

"நீ சும்மா கேட்டு நான் பாத்ததில்ல. பையைத் திற."

கடிதம் பையில் இருந்தது. படித்தேன். இரண்டாம் முறையும் படித்தேன். அதற்குப் பிறகுதான் போனில் காட்டிய படம், பத்து மணிக் கெடு எல்லாவற்றையும் சொன்னாள்.

"கையெழுத்துப் போட்டியா?"

"இன்னும் இல்ல. நாளைக்கு."

"போடப் போறியா?"

"அக்கா, உனக்கு இன்னும் பதினோரு வருஷம் இருக்கு."

"எண்ணிப் பாத்துட்டியா?"

"பின்ன? உன் வேலையைத் தூக்கிக் குடுத்துட்டு நான் சூரியனைப் பத்திப் பாடம் நடத்தணுமா?"

"நாப்பத்தொரு பிள்ளைங்க முன்னால நின்னு, நீங்க பாத்தது பொய்யின்னு வாசிப்பியா? வாய் வருமா உனக்கு?"

"வராது. ஆனாலும் வாசிப்பேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அடித்திருப்பேன். சின்ன வயதில் அடித்திருக்கிறேன். அந்தத் தலைமையாசிரியர் மேல் கோபம், அதிகாரி மேல் கோபம், படிவத்தில் போய் எழுதிய என் கை மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக இவள் மேல் கோபம். என் பெயரைச் சொல்லி ஒருவன் மிரட்டினால் என்னிடம் சொல்லாமல் என்னைக் காப்பாற்ற இவள் யார்? "என்னைக் கேக்காம எனக்கு நீ பிச்சை போடாதே" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். டீ அப்படியே இருந்தது.

மறுநாள் எட்டரை மணிக்கு எங்கள் பொறியாளர் அறைக்கு முன்னால் நின்றேன். அவர் சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டே வந்தார். நான் எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். எந்தத் தேதி, எத்தனை படிவம், எந்த மீட்டர், எதற்காக, எல்லாம் அதில் இருந்தது.

அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, உனக்கு ஒரு வெள்ளைத் தாள் கிடைக்கலையா?"

"தோணல சார்."

"உன்மேல புகார் வந்திருக்கா?"

"வரப் போகுது. அதுக்கு முன்னால நானே குடுத்துட்டேன்."

"இதுக்கு நான் சும்மா இருக்க முடியாது. மெமோ குடுத்தாகணும். ரூட்லேர்ந்து எடுத்தாகணும்."

"குடுங்க சார். ஆனா இப்பவே குடுங்க. பத்து மணிக்குள்ள எனக்கு நகல் வேணும்."

"மெமோவை அவசரமாக் கேட்டு வாங்குற முதல் ஆள் நீதான்" என்றார். தட்டச்சு செய்ய ஆளைக் கூப்பிட்டார். காத்திருக்கும்போது என் தாளை மறுபடி எடுத்து எண்களைப் பார்த்தார். "முப்பத்துமூணா? அவ்வளவு இறங்குதா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "கணக்கு சரிதானா?"

"சந்தேகம்னா ஆள் அனுப்புங்க சார். வலது வரிசையை இன்னும் துடைக்கல."

அவர் ஆள் அனுப்பவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். நல்ல மனிதர்தான், ஆனால் அனுப்பவில்லை.

பத்துக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். தலைமையாசிரியர் அறையில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். கையில் பேனா, மூடி திறந்திருந்தது. நான் அனுமதி கேட்கவில்லை. மெமோவின் நகலைக் கடிதத்தின் மேல் வைத்தேன்.

"சார், நிலையத்துக்குச் சொல்லிடுங்க. புகார் எழுதி சிரமப்பட வேணாம். நானே எழுதிக் குடுத்து தண்டனையும் வாங்கிட்டேன்."

அவர் மெமோவைப் படித்தார். "நீங்க இங்க வரவே கூடாதும்மா. இது பள்ளிக்கூடம்" என்றார்.

தங்கை மெமோவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை. பேனாவை மூடினாள். கடிதத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"அந்த எண்ணு எதுவும் பிழை இல்ல சார். நான் எழுதமாட்டேன்."

"அப்போ இந்த வருஷத்தோட போதும் டீச்சர். நிரந்தரம் பண்ற கோப்பை நான் திருப்பி அனுப்பிடறேன்."

"சரி சார். மணி அடிச்சாச்சு, நான் வகுப்புக்குப் போகணும்."

வராந்தாவில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னாள்: "நான் என்ன முடிவெடுத்திருப்பேன்னு நானே தெரிஞ்சுக்க நீ விடவே இல்ல அக்கா." பதினேழு நாள் என்னோடு பேசவில்லை. அவள் சொன்னது நியாயமா என்று நான் யோசித்துப் பார்த்தேன். நியாயம்தான். ஆனால் மறுபடி அப்படி ஒரு காலை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

என்னை வழித்தடத்திலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். எரிந்துபோன மீட்டர்களை எண்ணி அடுக்கும் வேலை. ஜன்னல் இல்லாத அறை. மொட்டைமாடிக்கு மறுபடி பூட்டு வந்தது. பூட்டுவதற்கு முன்னால் நிலையத்திலிருந்து இரண்டு பேர் குழாயோடு வந்து பன்னிரண்டு தகட்டையும் கழுவிவிட்டுப் போனார்களாம். எதற்குக் கழுவினார்கள்? சாம்பல் இல்லை, அளவு தப்பு என்றவர்கள் எதைக் கழுவினார்கள்? இதை அந்த அதிகாரியிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு முறை நிலைய வாசல்வரை போனேன். உள்ளே விடவில்லை. கண்காட்சி அட்டையைச் சுற்றறிக்கை எங்கே வைத்தார் என்று இன்றுவரை தெரியாது.

தங்கை அந்த வருஷம் முடியும்வரை வகுப்பெடுத்தாள். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. அளவு சரி என்றும் தப்பு என்றும் வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது.

ஆண்டுத் தேர்வுக்கு அறிவியல் கேள்வித்தாளைத் தலைமையாசிரியரே எடுத்தார். பன்னிரண்டாவது கேள்வி: ‘சூரிய மின்தகடுகளின் செயல்திறன் எவற்றைப் பொறுத்தது? மூன்று எழுதுக.’ புத்தகத்தில் மூன்று இருக்கிறது: வெயிலின் அளவு, தகட்டின் சாய்வு, வெப்பம். அவர் கொடுத்த விடைக்குறிப்பிலும் அந்த மூன்றுதான்.

விடைத்தாள்கள் திருத்தத் தங்கையிடம் வந்தன. அதுதான் அங்கே அவளுடைய கடைசி வேலை. அவள் அவற்றை என் வீட்டில் உட்கார்ந்து திருத்தினாள். அதற்குள் பேச ஆரம்பித்திருந்தோம், அதிகமாக இல்லை. பன்னிரண்டாவது கேள்வி வந்தபோது ஒரு தாளை என் பக்கம் நீட்டினாள். பிறகு இன்னொன்று. நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் புத்தகத்தில் இருக்கிற ஒன்றை விட்டுவிட்டு, அந்த இடத்தில் புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதியிருந்தார்கள். சாம்பல். சிலர் எண்ணையும் எழுதியிருந்தார்கள்: ஐம்பத்துநான்கு, முப்பத்துமூன்று. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை, ஒவ்வொருவர் வாக்கியமும் வேறு மாதிரி இருந்தது. ஒருத்தி மட்டும் புத்தகத்தில் இருக்கிற மூன்றையும் விட்டுவிட்டு, சாம்பலைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

"இவளுக்கு என்ன போடுவே?" என்றேன்.

"அவ ஒண்ணுதான் எழுதியிருக்கா. மூணுக்கு ஒண்ணு."

"அரைப் பக்கம் எழுதியிருக்காளேடி."

"மூணு கேட்டிருக்கு. ஒண்ணுக்கு ஒரு மார்க்."

அதில் அவள் என்னைவிடக் கறார். மற்றவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டாள். சாம்பல் என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு மையில் சரி போட்டாள். விடைக்குறிப்பில் அது இல்லை என்று தெரிந்தே போட்டாள்.

கட்டைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தபோது அவர் புரட்டிப் பார்த்திருக்கிறார். "இதுக்கு எப்படி மார்க் போட்டீங்க?"

"விடை சரியா இருக்கு சார். தப்புன்னா நீங்க குறைக்கலாம்."

அந்தப் பள்ளியில் ஓர் ஒழுங்கு உண்டு. அவரே விட்ட சுற்றறிக்கைதான். ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணைத் தலைமையாசிரியர் குறைத்தால், பக்கத்தில் உள்ள ‘காரணம்’ என்ற கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாம்பல் தகட்டை மறைக்காது என்று அவர் தன் கையால் எழுத வேண்டும், அதுவும் முப்பத்தெட்டு முறை. ஊர் முழுக்கச் சாம்பல் படிகிற இடத்தில், முப்பத்தெட்டு வீட்டுக்குப் போகிற தாளில்.

அவர் கட்டை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தார். நான்காம் நாள் அலுவலக உதவியாளரிடம் கொடுத்தனுப்பினார். ஒரு மதிப்பெண்ணும் குறையவில்லை. காரணம் என்ற கட்டம் முப்பத்தெட்டுத் தாளிலும் வெறுமையாக இருந்தது.